நீ பச்சையாக்கிய திரை

நேற்று மழைக்கு நடுவில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போக வேண்டியிருந்தது. ஜெனரேட்டர் நனையாமல் இருக்க யாரோ ஒரு பழைய பிளக்ஸைப் போட்டு மூடி, மூலைக்கு மூலை செங்கல் வைத்திருந்தார்கள். காற்று ஒரு ஓரத்தைத் தூக்கியபோது உள்பக்கம் திரும்பிக் கிடந்த படம் தெரிந்தது. நீதான். மைக்கைப் பிடித்தபடி கழுத்தைச் சற்றுச் சாய்த்துச் சிரிக்கிறாய். காதுக்குப் பக்கத்தில் கிழிந்திருக்கிறது. பக்கத்தில் கொட்டை எழுத்தில், ‘குமரி மாவட்டத்தின் கண்களைக் காக்க வருகிறது செயற்கை நுண்ணறிவு’. டீசல் வாசனையும் நனைந்த பிளக்ஸின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. சரிந்திருந்த செங்கலை எடுத்து அந்த ஓரத்தின் மேலேயே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உன்னைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நீ இறந்துபோன அந்த வாரம் முழுக்க நம் கல்லூரித் தோழிகளின் குழுவில் உன் புகைப்படங்கள்தான். பெரிய ஊர்களை உதறிவிட்டு மண்ணுக்குத் திரும்பியவள் என்றாள் ஒருத்தி. கல்லூரியில் உன் பெயரில் பரிசு வைத்திருக்கிறார்கள். முதன்முதலாக அதைக் கொடுத்த அன்று மேடையில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி நல்லதாகப் பேச அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் உன்னை அதிகமாகத் தெரிந்தவள் நான்தான். ஆகவே இது உனக்கு மட்டும்.

நீ போன் செய்த அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெங்களூரில், யாருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டலாம் என்று கணக்குப் போடும் ஒரு கம்பெனியில் இருந்தேன். “ஏட்டி, நீ அங்க எவனுக்கோ செருப்பு விளம்பரம் காட்டிட்டு இருக்க. இங்க ஆளுகளுக்குக் கண்ணு போவுது. கிளம்பி வா” என்றாய். உன் அப்பாவை எனக்குத் தெரியும். களியக்காவிளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். சுகர் கண்ணின் உள்ளே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது அவருக்கே தெரியவில்லை. தராசில் எண் தெரியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முன்கூட்டியே ஒருவர் உள்ளே பார்த்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்துதான் நம் கம்பெனி பிறந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். உன் ஆரம்பம் உண்மையானது. அதனால்தான் உன்மேல் இவ்வளவு கோபம்.

வடசேரியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடையின் மாடியில் ஆபீஸ் போட்டோம். காலை முழுக்கத் தேங்காய் எண்ணெய்ப் புகை ஜன்னல் வழியாக ஏறி வரும். நாம் செய்தது எளிய விஷயம். கையில் பிடிக்கிற கேமராவால் கண்ணின் உட்புறத்தைப் படம் எடுக்கவேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துச் சுகரின் பாதிப்பு இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் சொல்லும். பாதிப்பு இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை, படம் தெளிவாக விழவில்லை என்றால் மஞ்சள். மஞ்சள் வந்தவர்கள் டாக்டரிடம் நேரில் காட்ட வேண்டும். ஒரு பெரிய நகரத்துக் கண் மருத்துவமனையின் படங்களை வைத்துத்தான் அதைப் பழக்கினோம். நல்ல இருட்டறையில், நல்ல கேமராவில், பழகிய கைகள் எடுத்த படங்கள். அதே போன்ற படங்களைக் காட்டியபோதெல்லாம் அது பிசகாமல் சொன்னது. நீ அதை ஓட்டல்களின் குளிரூட்டிய கூடங்களில் காட்டினாய். உன்னைப் போலப் பேச யாராலும் முடியாது. அப்பாவின் தராசைச் சொல்லி ஒரு நிமிடம் நிறுத்துவாய். கூடமே அமைதியாகிவிடும். பிறகு திரையில் சிவப்பு வரும். கைதட்டுவார்கள்.

முதல் முகாம் கருங்கல் பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில் நடந்தது. உயரமான ஜன்னல்கள் வழியாக வெயில் அருவி போல விழுந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப்பேருக்குக் கண்புரை. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கி, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. படம் எடுக்கும்போது தும்மினார்கள், சிரித்தார்கள், பேசினார்கள். கம்ப்யூட்டர் மஞ்சளுக்கு மேல் மஞ்சளாகக் காட்டியது. நீ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். திரும்பும் வழியில் ஜீப்பில் கேட்டாய்.

“என்னட்டி இது, மானம் போச்சு.”

“மானம் ஒண்ணும் போவல்ல. படம் சரியில்ல, எனக்குத் தெரியல்லன்னு சொல்லுது. உள்ளதத்தானே சொல்லுது.”

“தெரியல்லன்னு சொல்லுததுக்கு ஒரு மெஷின் எதுக்கு?” என்றாய்.

மறுநாள் நான் உன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து என்னென்ன வேண்டும் என்று சொன்னேன். கறுப்புத் துணி போட்ட கூடாரம். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து, அது பிடிக்கும்வரை ஆட்கள் உட்கார ஒரு நிழல். நம் ஊர்க் கண்களின் படங்களைச் சேர்த்துத் திரும்பவும் பழக்க நாள். சிவப்பு வந்தவர்களுக்குப் போன் செய்து கூப்பிட ஒரு ஆள். கூலி வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறமாட்டார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வர ஒரு வேன். நீ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய். “இதுக்கெல்லாம் எவன் தருவான்? ஆரம்பிக்கதுக்குத் தருவான். நடத்துததுக்கு ஒருத்தனும் தர மாட்டான், கேட்டியா.”

அது உண்மை. உன்னைப் போல அதைச் சுருக்கமாகச் சொன்னவர்களை நான் பிறகும் பார்க்கவில்லை. ஆனால் அந்த உண்மையோடு சண்டை போடாமல் அதற்கு ஏற்றபடி உன்னை மாற்றிக்கொண்டாய். நடத்தத் தரமாட்டார்கள் என்றால் ஆரம்பித்துக்கொண்டே இருப்போம் என்று முடிவு செய்தாய். குலசேகரத்தில் ரப்பர் இலையின் நோயைப் போட்டோவில் கண்டுபிடிக்கிற திட்டம். வட்டக்கோட்டையில் சுற்றுலாக் கூட்டத்தை எண்ணுகிற திட்டம். பத்மநாபபுரம் அரண்மனையின் கதவையும் தூணையும் இந்தியில் விளக்குகிற போன் செயலி. ஒவ்வொன்றுக்கும் குத்துவிளக்கு, பொன்னாடை, பிளக்ஸ். விளக்கு அணைந்த பிறகு அந்தத் திட்டம் என்ன ஆனது என்று கேட்க யாரும் வரவில்லை. ரப்பர்த் தோட்டத்துக்காரர் ஒருவர் மட்டும் மாதக்கணக்கில் போன் செய்தார். செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது என்றார். நீ அவர் எண்ணை எடுக்க வேண்டாம் என்று சொன்னாய்.

என் அண்ணன் இப்போதும் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கேட்பான், இந்த ஏஐ அதைச் செய்கிறது, இதைச் செய்கிறது என்கிறார்களே, நம் கைக்கு ஒன்றும் வரவில்லையே என்று. அவனுக்கு என்னவோ சொல்லிச் சமாளிப்பேன். மனதில் நீதான் வருவாய்.

நம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்க இதே ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பார்க்கப் போனோமே, அதையும் சொல்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “நோய் இல்லன்னு மெஷின் சொல்லும். அடியில எனக்க கையெழுத்து இருக்கும். நாளைக்கு ஒருத்தருக்குக் கண்ணு போச்சுன்னா கோர்ட்டுல வந்து நிக்கது மெஷினா, நானா?” நீ தேன் ஒழுகப் பேசி எழுந்து வந்தாய். படியிறங்கும்போது, “பழைய ஆளு, பயப்படுதாரு” என்றாய். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றேன். “நீ யாரு பக்கம்?” என்றாய். உன் கண்ணில் அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் எதிரியாகத் தெரிந்தேன்.

பிறகு மும்பையில் இருந்து நிதி தருகிறவர்கள் வருவதாகத் தகவல் வந்தது. அதே சர்ச் ஹாலில் முகாம். அதே ஜன்னல்கள், அதே வெயில். ஆனால் அன்றைக்கு மஞ்சளே வரவில்லை. சிவப்பு ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் பச்சை. நம் புரோகிராமர் சுஜினிடம் போனேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “மேடம்தான்க்கா மாத்தச் சொன்னாங்க” என்றான். தெளிவில்லாத படம் எதுவானாலும் பச்சை காட்டும்படி மாற்றியிருந்தான். ‘இப்போது டாக்டரைப் பார்க்கத் தேவையில்லை’ என்ற எழுத்தோடு. உன் கையைப் பிடித்து ஹாலுக்குப் பின்னால் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனேன்.

“மஞ்சள் எங்கட்டி?”

“மெதுவா பேசு. அவங்களுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். ஒண்ணுமே தெரியாத படத்துக்கெல்லாம் பச்சை காட்டுது. நல்லா இருக்குன்னு நெனச்சு வீட்டுக்குப் போயிருவாங்க.”

“இன்னைக்கு ஒரு நாளுதான். பைசா வந்தா நீ கேட்ட டெண்டு, வேன் எல்லாம் வரும். நாளைக்கே பழைய மாதிரி ஆக்கிருவோம்.”

“நாளைக்கு இந்த ஆளுக இங்க வருவாங்களா?”

நீ கையை உதறிக்கொண்டாய். “நீ கம்ப்யூட்டரப் பாரு. கம்பெனிய நான் பாத்துக்கிடுதேன்.”

நான் நேராக மும்பைக்காரர்களில் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். திரையில் தெரிவது பொய் என்று சொன்னேன். அவர் என் தோளைத் தாண்டி உன்னைப் பார்த்தார். ஆரம்பத்தில் இப்படி இருக்கத்தான் செய்யும் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போட்டோவுக்குப் போய் நின்றார். அப்போதுதான் தங்கபாய் அக்காவை நீ முன்னால் அழைத்து வந்தாய். முந்திரி உடைக்கிற அண்டியாபீஸில் வேலை பார்க்கிறவள். முந்திரித் தோடு உடைத்த கறை விரல்களில் இருந்து போயிருக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, உங்க கண்ணு நல்லா இருக்கு” என்றாய். அவள் மேலே பார்த்து ஸ்தோத்திரம் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் படம் தெளிவே இல்லாத படம். சாம்பல் நிறத்தில் ஒரு புகை. சுஜினின் கம்ப்யூட்டரில் அதை நான் பார்த்தேன்.

அன்றைக்குப் பச்சை காட்டி அனுப்பியவர்களின் வீடுகளுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபா சிஸ்டரும் நானும் போனோம். நீ வரவில்லை, சென்னையில் ஒரு கூட்டம் இருந்தது. பெரும்பாலானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்து டாக்டரிடம் காட்டினார்கள். தங்கபாய் அக்கா வரவில்லை. அடுப்பில் மரச்சீனிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் தட்டில் எடுத்து வைத்தாள்.

“மெஷின் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு. அந்த மேடமும் கையப் பிடிச்சுச் சொன்னா. நீ எதுக்கு மக்களே இப்பிடி வெப்புராளப்பட்டுப் பதறுத?”

“மெஷின் அண்ணைக்குத் தப்பா காட்டிட்டுக்கா.”

அவள் சிரித்தாள். “மெஷின் தப்பு சொல்லுமா? ஆளுல்லா தப்பு சொல்லும்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். ஒரு நாள் லீவு போட்டால் அண்டியாபீஸில் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாள். அடுத்த மாதம் வருகிறேன் என்றாள். அந்த வாரமே நான் கம்பெனியை விட்டேன். நீ தடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் ஜெபா சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தங்கபாய் அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “கண்ணுக்குள்ள கறுப்பா மழை பெய்யுதது போல இருக்கு மக்களே” என்றாள். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. ஒரு கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றொன்றை டாக்டர் லேசர் வைத்துப் பிடித்து நிறுத்தினார். அந்த வராந்தாவில் நின்றுதான் உனக்குப் போன் செய்தேன். நீ கேட்டாய், எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறாள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. நீ அவளைப் போய்ப் பார்க்கப்போகிறாய் என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் வழியைக்கூடச் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு வீடியோ வந்தது. பெரிய மேடை. உன் பின்னால் திரையில் தங்கபாய் அக்காவின் முகம், அந்த முகாமில் எடுத்த படம். ‘கருங்கல் பக்கத்தில் ஒரு முந்திரித் தொழிலாளி. நம் தொழில்நுட்பம் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தால் இன்றைக்கு அவருக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும்’ என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்தினாய். அப்பாவின் தராசுக்கு நிறுத்துவாயே, அதே மாதிரி. கூடம் அமைதியானது. பிறகு கைதட்டினார்கள். நான் போனைச் சுவரில் எறிந்தேன். வாழ்க்கையில் நான் ஒரு பொருளை எறிந்தது அந்த ஒரு தடவைதான்.

உன்னைக் கடைசியாகத் திருவனந்தபுரத்தில் பார்த்தேன். மஞ்சள்காமாலை. அதைக் கவனிக்காமல் ஊர் ஊராகப் பேசப் போய் முற்றவிட்டிருந்தாய். உன் அம்மை போன் செய்து அழுததால் வந்தேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் வந்ததும் அம்மையை வெளியே அனுப்பினாய்.

“நான் பொய் சொல்லல்லட்டி. மெஷின் சரியா இருந்திருந்தா அவளுக்குக் கண்ணு போயிருக்காது. அதத்தானே நான் சொன்னேன்.”

“அத அவகிட்ட போய்ச் சொல்லு.”

“எழும்பின உடனே போவேன்.”

“நீ போவமாட்ட.”

நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் கிளம்பினேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. பிழைத்திருந்தாலும் நீ அவளிடம் போயிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும்.

கம்பெனி மூடியது. சுஜின் கத்தாருக்குப் போய்விட்டான். மிச்சமிருந்த கேமராவைக் கண் டாக்டர் கேட்டு வாங்கினார், என்னையும் கேட்டார். “வந்து இரு. ஆனா எனக்க இஷ்டத்துக்குத்தான் நடக்கும்” என்றார். அவர் இஷ்டம் என்பது ஆமை வேகம். துணிமணி போட்டு வைத்திருந்த ஒரு அறையைக் காலி செய்து கறுப்புத் திரை மாட்டினோம். ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் பார்த்த பிறகு அவரும் பார்த்தார். அது பிசகிய இடத்தில் எல்லாம் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். நம் ஊர்க் கண்களின் படங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. ஜெபா சிஸ்டர் போன் செய்து ஆட்களைக் கூப்பிடுகிறார். சனிக்கிழமை வேன் போகிறது. பாதி நாள் வேன் டிரைவர் வரமாட்டான், அவனோடு சண்டை. கேமரா ரிப்பேரானால் கொச்சிக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். இன்னும் அடிக்கடி மஞ்சள்தான் வருகிறது. மஞ்சள் வந்தால் அதே வராந்தாவில் டாக்டர் அறைக்கு அனுப்புகிறோம். இதற்கு யாரும் விளக்கு ஏற்றவில்லை, பிளக்ஸ் வைக்கவில்லை. இது வேலை செய்கிறது. நீ செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான். உனக்கு இது சலித்திருக்கும்.

தங்கபாய் அக்கா மாதம் தவறாமல் வருகிறாள். முழுப் பருப்பையும் உடைந்த பருப்பையும் ஒற்றைக் கண்ணால் சட்டென்று பிரிக்க முடியவில்லை என்று அண்டியாபீஸில் அவளை நிறுத்திவிட்டார்கள். இப்போது வீட்டில் கோழி வளர்க்கிறாள். போன மாதம் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, “கையப் பிடிச்சுச் சொன்னாளே ஒரு மேடம், சிரிச்ச மொகம், அவ எங்க இருக்கா?” என்றாள். நீ போய்விட்டதைச் சொன்னேன். ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தாள். அவள் உனக்காக வருத்தப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பச்சை எப்படி வந்தது என்பதை முதலில் இருந்து சொன்னேன். உன் மேடைப் பேச்சையும் சொன்னேன்.

வேன் பாலத்தைத் தாண்டியது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அதுக்குத் தெரியல்லன்னு அண்ணைக்கே சொல்லியிருந்தா, நான் டாக்டர்கிட்ட வந்திருப்பேனே மக்களே.”

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பிள்ளைக்கு அம்மை உண்டா?”

“உண்டுக்கா. களியக்காவிளையில தனியா இருக்காங்க.”

“அவகிட்ட இத ஒருநாளும் சொல்லிராத, என்ன? பெத்தவளுக்குத் தாங்காது.”

“சொல்லமாட்டேன்க்கா” என்றேன்.

உன் அம்மையை நான் அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன். உன் பொன்னாடைகளை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது எந்த ஊர், இது யார் போட்டது என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். “எனக்க மோள் எத்தனை பேருக்குக் கண்ணு கொடுத்திருக்கா, இல்லியா?” என்பார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவேன். தங்கபாய் அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காக அந்த வீட்டில் என் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். களியக்காவிளையில் இருந்து பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் உன்னோடுதான் சண்டை. நீ பதில் சொல்வதும் கேட்கிறது, அந்தக் குரலில், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. இன்னும் ஒரு தடவைகூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.